பிள்ளையின் போக்கில் வரைய விட்டால் ஐந்து நிமிடத்தில் எல்லாம் சேற்று நிறமாகிறது: எங்கே தவறு?

செங்காங்_அம்மா கேட்கிறார்:

வணக்கம். மகளுக்கு 3 வயது. மகனுக்கு 6, அடுத்த ஆண்டு தொடக்கநிலை 1. சிங்கப்பூரில் நான்கறை வீவக (அரசு அடுக்குமாடி) வீடு, தரை முழுக்க வெள்ளை ஓடு.

பாலர் பள்ளியிலிருந்து வரும் கைவேலை எல்லாம் ஒரே அச்சு. தீபாவளிக்கு விளக்கு, சீனப் புத்தாண்டுக்கு அன்னாசி. ஆசிரியர் வெட்டி வைத்ததைப் பிள்ளை ஒட்டுகிறது, அவ்வளவுதான். இருபது அன்னாசியை வரிசையாக வைத்தால் பின்னால் இருக்கும் பெயரைப் படித்துத்தான் எது யாருடையது என்று சொல்ல முடியும். வீட்டிலாவது அவர்கள் போக்கில் விடலாம் என்று, மாதிரி எதுவும் காட்டாமல் 12 நிற போஸ்டர் கலரும் தூரிகையும் ஏ4 தாளும் கொடுத்தேன். மகள் எல்லா நிறத்தையும் கலக்கிச் சேறாக்கி, தாள் கிழிந்ததும் எழுந்துவிடுகிறாள். மகன் "என்ன வரையணும்னு சொல்லுங்க" என்று காத்திருக்கிறான். பிறகு தினமும் யூடியூபில் பார்த்த அதே கார்.

முடிந்த படத்தைவிடச் செய்யும் விதம்தான் முக்கியம், "பிராசஸ் ஆர்ட்" என்று சொல்கிறார்களே, அதில் பிள்ளைக்கு என்னதான் கிடைக்கிறது? எந்தத் தாள், எந்த வண்ணம், எவ்வளவு நேரம்? விவரமாகச் சொல்லுங்கள்.

பாலர்பள்ளி_தமிழாசிரியை:

மாதிரி காட்டாமல் விட்டது சரி. 12 நிறத்தை ஒன்றாக வைத்ததுதான் சிக்கல்.

சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் எந்த வேடத்தில் சந்தித்தாலும் பழுப்புதான். பச்சைக்குள்ளேயே மஞ்சளும் நீலமும் இருப்பதால், பச்சையைச் சிவப்பு தொட்டாலும் சந்திப்பது அதே மூன்று பேர்தான். 12 நிறம் எதிரே இருந்தால் தூரிகையை நாலாவது முறை முக்கும்போதே சேறு உறுதி. உங்கள் மகள் அதைக் கெடுத்துவிட்டாள் என்று எண்ணாதீர்கள். கலந்தால் என்ன ஆகும் என்று பார்த்தாள். விடை எப்போதும் ஒன்றாகவே வந்ததால் எழுந்துவிட்டாள்.

முதல் இரண்டு வாரம் மஞ்சள், நீலம், வெள்ளை மட்டும் வையுங்கள். எதை எதோடு கலந்தாலும் பச்சை, இளம்பச்சை, வெளிர்நீலம் என்று ஏதாவது நல்ல நிறம் வரும், சேறு வரவே வராது. அளவு முக்கியம்: மஞ்சள் இரண்டு மேசைக்கரண்டி, வெள்ளை ஒன்றரை, நீலம் ஒரு தேக்கரண்டி. நீலம் வலிமையான நிறம், ஒரு சொட்டே மஞ்சளைச் சாய்த்துவிடும். சம அளவு ஊற்றினால் கரும்பச்சையிலேயே நின்றுவிடும்.

அடுத்த இரண்டு வாரம் மெஜந்தா (ஊதாச் சாயல் உள்ள சிவப்பு), நீலம், வெள்ளை. பெட்டியில் இருக்கும் தக்காளிச் சிவப்பு இதற்கு ஆகாது. அதில் ஏற்கனவே மஞ்சள் சாயல் உண்டு, நீலத்தோடு சேர்ந்தால் ஊதாவுக்குப் பதில் கத்தரிக்காய் வதங்கிய நிறம் வரும். மெஜந்தாவைத் தனிப் போத்தலாகக் கலைப்பொருள் கடைகளில் வாங்கலாம். பிராஸ் பாசா வளாகத்தில் ஆர்ட் ஃபிரெண்ட் இருக்கிறது. பிறகு மெஜந்தா, மஞ்சள், வெள்ளை. ஆறு வாரம் கழித்து மூன்று முதன்மை நிறங்களையும் ஒன்றாக வையுங்கள். அப்போது பழுப்பு வந்தால், வேண்டும் என்றே வரவழைத்த பழுப்பாக இருக்கும்.

தாளைப் பற்றி. ஏ4 நகலெடுக்கும் தாளின் எடை சதுர மீட்டருக்கு 80 கிராம். ஈரத் தூரிகை ஒரே இடத்தில் மூன்று முறை போனால் இழை உரிந்து ஓட்டை விழும். 135 கிராமுக்குக் குறையாத வரைதாள், அதுவும் ஏ3 அளவில் வாங்குங்கள். மூன்று வயதில் கை தோளிலிருந்து அசைகிறது, மணிக்கட்டிலிருந்து இல்லை. ஏ4 தாளில் அந்த வீச்சு அடங்காமல் மேசைக்கும் சட்டைக்கும் போகிறது. பாதிக் குப்பை தாளின் அளவால் வருவதுதான். கிரேயான், கரிக்கோல் போன்ற உலர்ந்த வேலைக்கு மாஜோங் தாள் (மெல்லிய, பெரிய வெள்ளைத் தாள்) போதும், மலிவு, ஒரு தாளில் இரண்டு பேரும் படுத்து வரையலாம். நீர் வண்ணத்துக்கு அது தாங்காது.

தூரிகை: குட்டைக் கைப்பிடி, அரை அங்குலத் தட்டை ஒன்று, முக்கால் அங்குலம் ஒன்று. நிறத்துக்கு ஒரு தூரிகை, அந்தக் கிண்ணத்திலேயே நிற்கட்டும். தண்ணீரில் கழுவிக் கழுவி எடுப்பது நாலரை வயதுக்கு மேல் சரிப்படும். வண்ணம் தோசை மாவுப் பதத்தில் இருக்க வேண்டும். நீர்த்தால் தாளை ஊறவைக்கும், கெட்டியானால் தூரிகை இழுக்கும்.

நேரம்: மகளுக்கு 10 முதல் 15 நிமிடம் தாராளம். மகனுக்கு 40 நிமிடம் ஒதுக்குங்கள், முதல் பத்து நிமிடம் சும்மா இருந்தாலும் பரவாயில்லை. இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன்: தினம் ஒரு புது நடவடிக்கை தேடாதீர்கள். இன்று நுரை, நாளை பஞ்சு, மறுநாள் பலூன் என்று மாற்றினால் பிள்ளை ஒவ்வொரு நாளும் பொருளைத் தொட்டுப் பார்ப்பதோடு நின்றுவிடும். முதல் தடவை தூரிகை என்ன செய்யும் என்று பார்க்கும். மூன்றாவது, நான்காவது தடவையில்தான் "நான் இதை இப்படிச் செய்யப் போறேன்" என்ற எண்ணம் பிறக்கும். அது பிறக்க ஒரே பொருள் திரும்பத் திரும்ப வர வேண்டும்.

என்ன கிடைக்கிறது என்று கேட்டீர்கள். ஈரமான மஞ்சளுக்குள் நீலத் தூரிகை நுழையும் இடத்தைக் கவனியுங்கள். முதல் இழுப்பில் நீலக் கோடு அப்படியே இருக்கும். ஓரம் மட்டும் லேசாகப் பச்சை கட்டும். பிள்ளை கையை நிறுத்தும். அடுத்த இழுப்பை மெதுவாக, அதே ஓரத்தில் வைக்கும். பச்சை அகலமாகும். மூன்றாவது இழுப்பு மஞ்சளே இல்லாத வெள்ளைத் தாளில் விழும், அங்கே பச்சை வராது. திரும்ப மஞ்சளுக்கே வரும். ஒரு நிமிடத்துக்குள் ஊகித்து, செய்து, சரிபார்த்து, மாற்றிச் செய்கிறது. ஆசிரியர் வெட்டிய அன்னாசியில் இந்த நான்கில் ஒன்றுக்கும் இடமில்லை. அங்கே முடிவுகளை எல்லாம் முதல்நாளே ஆசிரியர் எடுத்துவிட்டார்.

பாலர் பள்ளி மையங்கள் அச்சு வேலைக்குப் போவது பெரும்பாலும் பெற்றோர் கையில் ஏதாவது கொடுக்க வேண்டும் என்பதற்காக. கல்வி அமைச்சு 2022இல் புதுப்பித்த பாலர் பருவக் கலைத்திட்டக் கட்டமைப்பில் அழகியலும் படைப்பாற்றலும் தனியொரு கற்றல் துறை, நோக்கமுள்ள விளையாட்டு அதன் அடிப்படைகளில் ஒன்று. ஆகவே மையத்தில் கேட்கத் தயங்க வேண்டாம். "படம் அழகாக வேண்டாம், செய்யும்போது எடுத்த மூன்று புகைப்படமும் பிள்ளை சொன்ன ஒரு வரியும் அனுப்புங்கள்" என்று பெற்றோரே கேட்டால் ஆசிரியருக்கும் பாரம் குறையும்.

களிமண்கை:

வீட்டு ஏற்பாட்டை நான் சொல்கிறேன், நான்கறை வீட்டில் இதுதான் பலரையும் நிறுத்திவிடுகிறது.

180 செ.மீ. சதுர பிளாஸ்டிக் குளியலறைத் திரை ஒன்று வாங்கித் தரையில் விரியுங்கள். அதன்மேல் பழைய தமிழ் முரசு. செய்தித்தாள் இல்லாமல் பிளாஸ்டிக் மட்டும் போட்டால் சிந்திய வண்ணம் உறிஞ்சப்படாமல் குளமாக நின்று, பாதம் வழியாக வீடெங்கும் போகும். வரைந்து முடித்த பிள்ளை குளியலறைக்குப் போகும் வழியில் ஈரத் துணியொன்றைக் கால்மிதிபோலப் போட்டுவையுங்கள்.

குளியலறைச் சுவர் ஓட்டிலேயே வரைய விடலாம், மூன்று வயதுக்கு நிமிர்ந்த பரப்பு மிக நல்லது, மணிக்கட்டுக்கும் தோளுக்கும் பலம் சேரும். ஒரு மேசைக்கரண்டி வண்ணத்துக்கு ஐந்தாறு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்துவிடுங்கள், தண்ணீர் அடித்தால் வந்துவிடும். ஓடுகளுக்கு இடையிலுள்ள சிமெண்டுக் கோடு மட்டும் சாயத்தைக் குடிக்கும். தொடங்கும் முன் சுவரை நன்றாக நனைத்தால் ஏற்கனவே தண்ணீர் குடித்த சிமெண்டு சாயத்தை அவ்வளவாக இழுக்காது. உணவுச் சாயத்தை அங்கே கொண்டுபோகாதீர்கள், அது போகாது. நனைந்த ஓடு வழுக்கும், வழுக்காத மிதியடி கட்டாயம் போடுங்கள்.

தூரிகை கழுவிய தண்ணீரை அன்றே கொட்டிவிடுங்கள். சேவை முற்றத்தில் ஒரு கிண்ணம் மறந்து கிடந்தாலும் ஏடிஸ் கொசுவுக்கு அது போதும்.

இப்போது பிசைந்து உருட்டி விளையாடும் மாவு. கடை மாவைவிட வீட்டில் கிளறியது நல்லது, அளவு நிறையக் கிடைக்கும். மைதா 2 கப், பொடி உப்பு 1 கப், கிரீம் ஆஃப் டார்ட்டர் 4 தேக்கரண்டி, எண்ணெய் 2 மேசைக்கரண்டி, தண்ணீர் 2 கப். கிரீம் ஆஃப் டார்ட்டர் ஃபூன் ஹுவாட் மாதிரி கேக் பொருள் கடையில் இருக்கும். எல்லாவற்றையும் அடுப்பேற்றும் முன்பே கட்டியில்லாமல் கரைக்க வேண்டும், சூடானபின் கட்டி கரையாது. மிதமான தீயில் விடாமல் கிளறுங்கள். அல்வா சட்டியை விட்டுச் சுருண்டு வருமே, அந்தப் பதம், ஐந்தாறு நிமிடத்தில் வந்துவிடும். ஆறியதும் மூன்று நிமிடம் பிசையுங்கள். தொட்டால் ஒட்டினால் இன்னும் வேகவில்லை, மைதா தூவி ஏமாற்றாமல் மறுபடி அடுப்பில் வைத்து ஒரு நிமிடம் கிளறுங்கள்.

நம் ஊர் ஈரக்காற்றில் இந்த மாவு இரண்டு நாளில் பிசுபிசுக்கும். கெட்டுப்போய்விட்டது என்று பயப்பட வேண்டாம், உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கிறது. காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மூன்று வாரம் வரும். ஆனால் கரும்புள்ளியோ புளித்த வாடையோ வந்தால் யோசிக்காமல் எறிந்துவிடுங்கள். உப்பு அதிகம் என்பதால் வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைக்கும் வீட்டு நாய்க்கும் எட்டக்கூடாது.

மாவோடு அச்சுகள் கொடுக்காதீர்கள், குறைந்தது முதல் மாதம். நட்சத்திர அச்சு இருந்தால் பிள்ளை நட்சத்திரம்தான் வெட்டும், மறுபடி அதே அன்னாசிக் கதை. சப்பாத்திக் கட்டை, மழுங்கிய கத்தி, சீப்பு, முறுக்கு உரல் கொடுங்கள். முறுக்கு உரல் அருமையான பொருள். அழுத்தினால் நூல் நூலாக வரும், அதை முடி என்பார்கள், நூடுல்ஸ் என்பார்கள், கூடு கட்டுவார்கள். முடிந்ததும் உரலை உடனே தண்ணீரில் போடுங்கள், காய்ந்த உப்பு மாவு துளையை அடைத்துக்கொள்ளும்.

ஆறு வயதுக்காரருக்கு உண்மையான களிமண், ஒரே கட்டியாக ஒரு கிலோ. கொஞ்சம் கொடுத்தால் சின்னச் சின்ன உருண்டைதான் வரும். கனமான கட்டி கையில் இருந்தால் குத்தும், தோண்டும், நிமிர்த்தும். காய்ந்தபின் கை, கால் உடைந்து விழுவதற்குக் காரணம் எப்போதும் ஒட்டிய விதம்தான். இரண்டு பக்கமும் முள்கரண்டியால் கீறி, களிமண்ணைத் தண்ணீரில் குழைத்த கூழைத் தடவி, அழுத்தி ஒட்ட வேண்டும். தண்ணீர் மட்டும் தொட்டு ஒட்டினால் நிற்காது. விரிசலுக்குக் காரணம் தடிப்பு. வெளித்தோல் காய்ந்து சுருங்கும்போது உள்ளே ஈரம் இருந்தால் பிளக்கும். ஒரு செ.மீ. தடிப்புக்கு மேல் போனால் அடியிலிருந்து குடைந்துவிடச் சொல்லுங்கள். முதல் நாள் பிளாஸ்டிக் பையால் தளர்வாக மூடி, மறுநாள் புரட்டி வைத்து, பிறகு திறந்து விடுங்கள். மின்விசிறிக்கு நேரே வைக்காதீர்கள்.

சோளமாவு (கார்ன்ஃபிளார்) கூழும் சொல்லிவிடுகிறேன், பிள்ளைகள் விடவே மாட்டார்கள். சோளமாவு 2 பங்கு, தண்ணீர் 1 பங்கு. அழுத்தினால் கட்டி, விட்டால் ஓடும். கழுவுதொட்டியில் ஊற்றினால் குழாய்க்குள் படிந்து அடைத்துவிடும். ஒரு மணி நேரம் அசையாமல் வைத்து மேலே தெளிந்த நீரை மட்டும் இறுத்துவிட்டு, அடியில் இருப்பதைப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள்.

கோடும்புள்ளியும்:

தொடக்கப்பள்ளிக் கலைப் பாடம் எடுப்பவன் என்ற முறையில் ஒரு மாறுபட்ட கருத்து. "பிள்ளையின் போக்கில் விடுவது" என்றால் எதையும் சொல்லித்தராமல் இருப்பது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். கத்தரிக்கோல் பிடிக்கத் தெரியாத பிள்ளைக்குச் சுதந்திரம் கொடுத்தால், தாளைக் கையால் கிழிக்கும் சுதந்திரம்தான் மிஞ்சும். "எப்படி" என்பதைத் தெளிவாகச் சொல்லிக்கொடுங்கள். "என்ன" என்பதை மட்டும் பிள்ளையிடம் விடுங்கள்.

கத்தரிக்கோலில் கட்டைவிரல் மேலே பார்த்திருக்க வேண்டும், வெட்டும் கை நேரே போக வேண்டும், தாளைத் திருப்புவது மற்றக் கை. மூன்று வயதில் இரண்டு செ.மீ. அகலமுள்ள தடித்த தாள் பட்டைகளைக் கொடுத்து, ஒரே கடியில் துண்டாக்க விடுங்கள். மெல்லிய தாள் மடிந்து இரண்டு அலகுக்கும் நடுவே சிக்கிக்கொள்ளும், பிள்ளை தன்னால் முடியாது என்று நினைத்துக்கொள்ளும். இடக்கைப் பிள்ளைக்கு இடக்கைக் கத்தரிக்கோல் வாங்கியே ஆக வேண்டும். வலக்கைக்கு ஆனதை இடக்கையில் பிடித்தால் அலகுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும், வெட்டும் கோடும் மறைந்துவிடும்.

பசைக்கு மஞ்சாடி விதை அளவு ஒரு துளி என்று சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள். போத்தலைக் கொடுத்தால் குளமாகும், தாள் நொந்து சுருங்கும். சின்னக் கிண்ணத்தில் ஊற்றிப் பழைய தூரிகையோடு கொடுங்கள். இயற்கைப் பொருள் ஒட்டும்போது ஓர் எச்சரிக்கை: முழுச் சிவப்பாக இருப்பது மஞ்சாடி, கரும்புள்ளி இருந்தால் குன்றிமணி. குன்றிமணி கடும் நஞ்சு, வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது. மஞ்சாடியும் மணியும் பொத்தானும் மூன்று வயதுக்குக் குறைந்தவர் இருக்கும் இடத்தில் வேண்டவே வேண்டாம், தொண்டையில் சிக்கும்.

இனி மகனின் கார். கலைக்கல்வி அறிஞர் விக்டர் லோவன்ஃபெல்ட் 1947இல் வகுத்த படிநிலைகளில் ஏறத்தாழ 2 முதல் 4 வயது கிறுக்கல் பருவம், 4 முதல் 7 வடிவங்கள் உருவாகும் பருவம், 7 முதல் 9 வரை ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு நிலைத்த வடிவத்தைப் பிள்ளை வைத்துக்கொள்ளும் பருவம். உங்கள் மகன் அந்த எல்லையில் நிற்கிறார். ஒரே காரைத் திரும்ப வரைவது தேக்கம் இல்லை, கைவந்த ஒன்றை உறுதிப்படுத்துகிறார். தடுக்காதீர்கள். காரைச் சுற்றி விரியுங்கள்: "இந்த கார் பாலத்து மேலே போகுதா, கார்ப்பார்க்ல நிக்குதா? மேல்மாடியிலேர்ந்து பாத்தா எப்படித் தெரியும்?" பதினைந்தாம் மாடியிலிருந்து தெரிவது கூரைகள்தாம். சன்னலோரம் நிறுத்திக் காட்டுங்கள், அங்கிருந்து வரையட்டும். யூடியூப் கார் பக்கவாட்டில் மட்டும்தான் தெரியும். கூரை வடிவத்தை அவரே கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

இன்னொரு வழி, நிறத்தையும் அழிப்பானையும் எடுத்துவிட்டு ஒரு கறுப்புப் பேனாவும் குறுக்கே வெட்டிய பாகற்காயும் வைப்பது. யாரும் அதற்கு முன் வரைந்து பார்க்காத பொருள் என்பதால் "சரியான பாகற்காய்" எது என்ற எண்ணம் பிள்ளையிடம் இல்லை. பார்த்துத்தான் ஆக வேண்டும். ஏ5 தாள், பத்து நிமிடம், மூன்று தடவை. மூன்றாவது படத்தில் விதைகளின் இடைவெளியைக் கவனித்திருப்பார்.

அடுத்த ஆண்டைப் பற்றிக் கவலை வேண்டாம். 2019 முதல் தொடக்கநிலை 1, 2இல் மதிப்பெண் கணக்கில் சேரும் தேர்வுகளே இல்லை. பேனா பிடிக்கும் வலிமையும், ஒரு வேலையோடு அரைமணி நேரம் உட்காரும் பழக்கமும் இருந்தால் போதும்.

செங்காங்_அம்மா:

எல்லாருக்கும் மிக்க நன்றி. இன்னும் நான்கு கேள்வி. மகன் "நீங்க வரைஞ்சு தாங்க, நான் கலர் அடிக்கிறேன்" என்கிறான், வரைந்து கொடுக்கலாமா? மகளுக்கு விரலில் வண்ணம் பட்டால் பிடிப்பதில்லை, உடனே கழுவச் சொல்கிறாள். பாட்டி மாவையும் காயையும் விளையாடக் கொடுப்பதை விரும்பவில்லை, படத்தைப் பார்த்தால் "இது என்ன?" என்று கேட்கிறார். ஒரு படத்துக்கு ஒரு ஸ்டிக்கர் என்று வைத்தால் மகன் உட்காருவான் போலிருக்கிறது, செய்யலாமா?

பாலர்பள்ளி_தமிழாசிரியை:

ஸ்டிக்கரில் தொடங்குகிறேன், ஏனென்றால் அதில் தெளிவான விடை இருக்கிறது. 1973இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பாலர் பள்ளியில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் ஓர் ஆய்வு செய்தார்கள். ஏற்கனவே ஆசையாக வரையும் 3 முதல் 5 வயதுப் பிள்ளைகள். ஒரு குழுவிடம் "வரைந்தால் சான்றிதழ்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றுமில்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து, வகுப்பில் விரும்பியதைச் செய்யலாம் என்று விட்டபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்த பிள்ளைகள் மற்றவர்களில் ஏறக்குறையப் பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் பெற்றவர்களுக்கு அந்தக் குறைவு இல்லை. ஆகவே பேரம் பேசாதீர்கள். வரைந்த பிறகு மகிழ்ந்து எதையாவது கொடுப்பதில் தீங்கில்லை.

"நீங்க வரைஞ்சு தாங்க" என்றால் தாளில் வரையாதீர்கள். உங்கள் கார் அவர் காரைவிட நன்றாக இருக்கும், அந்த நிமிடமே அவர் கார் தோற்றுவிடும். பொருளை எடுத்து வையுங்கள், விரலால் அதன் ஓரத்தைத் தடவிக் காட்டுங்கள், "எங்க ஆரம்பிக்கலாம்?" என்று கேளுங்கள். அதற்கும் தயங்கினால் தாளில் ஏற்கனவே ஏதாவது இருக்கட்டும்: நடுவில் ஓர் ஓட்டை வெட்டிய தாள், ஓரத்தில் ஒரு காய்ந்த இலை ஒட்டிய தாள். வெள்ளைத் தாளின் பயம் அதில் பாதி போய்விடும்.

"இது என்ன?" என்ற பாட்டியின் கேள்வி அன்பில் வருவது. மூன்று வயதில் அது எதுவுமாகவும் இல்லை என்பதால் பிள்ளை திகைத்து, எதையாவது சொல்லித் தப்பிக்கும். பாட்டியிடம் ஒரு பொறுப்பைக் கொடுங்கள்: பார்த்ததை மட்டும் சொல்வது. "இந்தக் கோடு மேலே போய் வளைஞ்சு கீழே வந்துடுச்சு." "இங்க தடிப்பா இருக்கு, அங்க மெலிசா இருக்கு." தமிழ் அதிகம் புழங்காத பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல தமிழ் வகுப்பு கிடையாது. மாவு கொழகொழ, களிமண் வழவழ, மணல்தாள் சொரசொர, பசை பிசுபிசு. கையில் பொருள் இருக்கும் கணத்தில் சொல் காதில் விழுந்தால் அது ஒட்டிக்கொள்ளும். இந்தச் சொற்களுக்கு ஆங்கிலத்தில் இந்த ஓசை இல்லை, பிள்ளைகள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். வகுப்பில் கற்பித்துக் கொடுக்க முடியாததைப் பாட்டியால் பத்து நிமிடத்தில் கொடுக்க முடியும்.

அவர் உணவு பற்றிச் சொல்வதும் நியாயமே. அரிசியையும் பருப்பையும் தட்டில் கொட்டி விளையாடச் சொல்வது நம் வீடுகளில் உறுத்தும். சமையலில் மிஞ்சியதைப் பயன்படுத்துங்கள்: வெண்டைக்காயின் காம்புப் பக்கம், பொக் சோய் கீரையின் வெட்டிய அடித்தண்டு. அந்த அடித்தண்டை வண்ணத்தில் ஒற்றித் தாளில் பதித்தால் ரோஜாப்பூ வரும். வெட்டிய பரப்பைத் துணியால் துடைத்து ஈரத்தை எடுத்தபின் ஒற்றுங்கள், இல்லாவிட்டால் நீர் கசிந்து பூ கலங்கிவிடும். கோலமாவை எந்தப் பாட்டியும் வீண் என்று சொல்ல மாட்டார். கறுப்பு அட்டையில் புள்ளி வைக்கத் தெரியாத விரலால் மாவை ஊற்றி, நெளித்து, கையால் கலைத்து, மறுபடி ஊற்றட்டும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மாவு வழியும் அந்தப் பிடிதான் பிறகு பென்சில் பிடிக்கும் பிடி.

களிமண்கை:

மகள் விரலைக் கழுவச் சொன்னால் உடனே கழுவ விடுங்கள், கட்டாயப்படுத்தினால் தூரிகையையும் விட்டுவிடுவாள். பக்கத்திலேயே ஈரத் துணி வைத்தால் எழுந்து ஓட வேண்டியதில்லை. ஜிப் பையில் இரண்டு மேசைக்கரண்டி வண்ணம் ஊற்றி, காற்றை எடுத்து மூடி, வாயை டேப்பால் ஒட்டி மேசையில் ஒட்டிவிடுங்கள். மேலிருந்து விரலால் கோடு போடலாம், கை நனையாது. பிறகு நீளக் கைப்பிடித் தூரிகை, பிறகு ஸ்பாஞ்சு, பிறகு விரல் நுனி. எல்லாவற்றையும் தொட மறுத்தால், உணவு, உடை, மணல் என்று எதிலும் அதே தயக்கம் இருந்தால், மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.

கோடும்புள்ளியும்:

படங்களை என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. வாரத்தில் பத்து சேரும். கறுப்பு அட்டையில் சுற்றிலும் இரண்டு செ.மீ. ஓரம் விட்டு ஒட்டினால் எந்தக் கிறுக்கலுக்கும் மரியாதை வந்துவிடும். கயிறும் துணிக்கவ்வியும் கட்டி இரண்டை மட்டும் தொங்கவிடுங்கள், எந்த இரண்டு என்பதைப் பிள்ளை சொல்லட்டும். பின்பக்கம் தேதி, வயது, பிள்ளை சொன்ன வாசகம். பென்சிலில் எழுதுங்கள், மார்க்கர் முன்பக்கம் ஊறி வந்துவிடும். மாதம் இரண்டு என்று ஏ3 கோப்பில் வைத்தால் ஓராண்டில் வட்டம் எப்போது மூடியது, வட்டத்துக்குக் கால் எப்போது முளைத்தது என்று வரிசையாகத் தெரியும். சேர்த்து வைக்கும் முன் முழுக்கக் காய வேண்டும். நம் ஈரக்காற்றில் தடித்த போஸ்டர் கலர் காய ஒரு நாளுக்கு மேல் ஆகும், அவசரப்பட்டு அடுக்கினால் ஒன்றோடொன்று ஒட்டிப் பூசணமும் பிடிக்கும்.

சங்குப்பூ_வேலி:

பாட்டி வீட்டில் இருக்கிறார் என்பதால் ஒரு வேலை சொல்கிறேன். அவருக்குத் தெரிந்த வேதியியல்தான்.

மஞ்சள்தூள் 1 தேக்கரண்டியை 3 மேசைக்கரண்டி வெதுவெதுப்பான நீரில் கரையுங்கள். தூள் அடியில் தங்கும், அவ்வப்போது கலக்க வேண்டும். அகலத் தூரிகையால் தாள் முழுக்கப் பூசிக் காயவிடுங்கள். சமையல் சோடா அரைத் தேக்கரண்டியை 2 மேசைக்கரண்டி நீரில் கரைத்து இன்னொரு தூரிகையோடு கொடுங்கள். நிறமே இல்லாத தண்ணீர், ஆனால் மஞ்சள் தாளில் பட்ட இடம் செம்பழுப்பாக மாறும். ஆரத்திக்கு மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கிறதே, அதேதான். பாட்டி அதைச் சொல்லட்டும். சுண்ணாம்பைப் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள், கண்ணில் பட்டால் புண்ணாகும், சோடா போதும். பிறகு எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு: சிவந்த இடம் மறுபடி மஞ்சளாகும்.

சங்குப்பூ கிடைத்தால் பத்துப் பூவை அரைக் கப் கொதிநீரில் பெரியவர் யாராவது ஊறவைத்து, ஆறியபின் கொடுங்கள். நல்ல நீலம். எலுமிச்சை பட்டால் ஊதா, சோடா பட்டால் பச்சை கலந்த நீலம். மகளுக்குச் சொட்டுக்குழாய் கொடுத்தால் விரல் நனையாமலேயே செய்வாள்.

மஞ்சள் வெள்ளை ஓட்டிலும் சட்டையிலும் பிடித்தால் போகாது, தட்டுக்குள் வைத்துச் செய்யுங்கள். அந்தப் படத்தைச் சன்னலோரம் மாட்டினால் வெளுத்துவிடும். அதையே வேலையாக்கலாம்: மஞ்சள் பூசிக் காய்ந்த இன்னொரு தாளில் கறிவேப்பிலைக் கொத்தை வைத்து, மேலே கண்ணாடித்தட்டு ஒன்றைக் கவிழ்த்து அழுத்தி, வெயில் விழும் சன்னல் திட்டின் உள்பக்கம் வையுங்கள். வெயிலைப் பொறுத்துச் சில மணி நேரமோ இரண்டு நாளோ ஆகும். எப்போது எடுப்பது என்பதை மகனே முடிவு செய்யட்டும். இலையின் ஓரத்தைத் துளி தூக்கிப் பார்த்தால் அடியில் இருக்கும் மஞ்சளுக்கும் வெளியே இருப்பதற்கும் வித்தியாசம் தெரியும். தூக்கும்போது கொத்து நகர்ந்துவிட்டால் இரட்டை நிழல் விழும், அதையும் எறியாமல் வைத்துக்கொள்ளுங்கள்.